நல்ல பேட்ச் எப்படி இருக்கும்?

நிரல் எழுதுவதில் ரசனைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2016-இல் டெட் மேடையில் ஒரு சின்ன நிரல்துண்டின் இரண்டு வடிவங்களைக் காட்டி ரசனையைப் பற்றிப் பேசினார். லிங்க்டு லிஸ்டிலிருந்து ஓர் உறுப்பை நீக்க வேண்டும். கல்லூரியில் சொல்லித்தரும் வழியில், அந்த உறுப்பு பட்டியலின் தலையில் இருந்தால் ஒரு வேலை, நடுவில் இருந்தால் வேறு வேலை. இரண்டையும் பிரிக்க ஓர் ‘இஃப்’. இரண்டாவது வடிவம் முந்தைய உறுப்பைப் பிடித்துக்கொண்டு நகர்வதில்லை. அடுத்த உறுப்பைச் சுட்டும் பாயிண்டர் எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தின் முகவரியைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது. அப்படிப் பார்த்ததும் தலை, நடு என்ற பேதமே போய்விடுகிறது. ‘இஃப்’ தானாக உதிர்கிறது. விதிவிலக்கே எழாதபடி பிரச்சினையைப் பார்ப்பதைத்தான் அவர் ரசனை என்கிறார்.

ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குப் பங்களிப்பதைச் சேவை, தொழில் வாய்ப்பு என்று பேசுகிறோம். எனக்கு அது முதலில் ஓர் எழுத்துக்கலை. லினக்ஸ் கெர்னலின் வெளியீடு ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கை இருக்கிறது. பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. முகம் தெரியாத ஒருவரை, பேட்ச் என்னும் மாற்றத் துண்டும் அதன் குறிப்பும் மட்டுமே நம்பவைக்க வேண்டும்.

மிகச் சாதாரணமான ஒரு பேட்சை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரைவர், தொடங்கும்போது நினைவகம் வாங்குகிறது. இடையில் ஏதோ தவறினால் திரும்பிவிடுகிறது. வாங்கியதை விடுவிக்க மறந்துவிடுகிறது. திருத்தம் ஒரே வரி. ஆனால் அதன் மேலுள்ள குறிப்பு பத்து வரி இருக்கும். முதல் வரியில் எந்தப் பகுதி, என்ன செய்கிறது என்பது எழுபது, எழுபத்தைந்து எழுத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதுவும் ஏவலாக: ‘விடுவி’, ‘சரிபார்’, ‘நீக்கு’. ‘திருத்தியிருக்கிறேன்’ என்ற தன்மைக்கு அங்கே இடமில்லை. பிறகு, பிழை எந்தச் சூழலில் எழுகிறது, பயனருக்கு என்ன நேர்கிறது, ஏன் இந்த வழி என்ற விவரம். கடைசியில், பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றத்தின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகள். என்ன மாறியது என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் மாறியது என்பதை எழுதியவர்தான் சொல்ல முடியும். ஒரு வரித் திருத்தத்துக்குப் பத்து வரி விளக்கம் எழுதத் தெரிந்தவர் என் கண்ணில் பெரிய கலைஞர்.

அடுத்த அழகு, பிரிப்பது. பெயர் மாற்றம் ஒரு பேட்ச், ஒழுங்குபடுத்தல் ஒன்று, உண்மையான திருத்தம் தனியாக ஒன்று. ஒவ்வொன்றுக்குப் பிறகும் கெர்னல் கம்பைல் ஆக வேண்டும், ஓட வேண்டும். இது வெறும் ஆசாரமில்லை. ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் பிழையை, மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் பாதிபாதியாக வெட்டிப் பார்க்கும் ‘கிட் பைசெக்ட்’ பத்தே சோதனையில் பிடித்துக் கொடுக்கும். பிடிபட்டது மூன்று காரியங்களைக் கலந்த தடித்த பேட்சாக இருந்தால், பிடித்தும் பயனில்லை.

பேட்சை அனுப்பியதும், ‘இந்த விளிம்பில் என்ன ஆகும்?’ என்று அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் கேட்பார். இரண்டாம் வடிவம் போகும், மூன்றாம் வடிவம் போகும். எந்த வடிவத்தில் எதை மாற்றினோம் என்பதை, குறிப்பின் முடிவில் வரும் மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுதுவது வழக்கம். அந்தக் கோடுகளுக்குக் கீழே உள்ளதைச் சேர்க்கும்போது கிட் விட்டுவிடும். பட்டறைச் சத்தம் வரலாற்றில் ஏறாமல் இருக்க இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. வரலாற்றில் நிற்பது பொறுப்பு மட்டும்: இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று எழுதியவர் இடும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி. 2004-இல் வந்த வழக்கம் அது. பேட்சை வாங்கி மேலே அனுப்பும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் சேர்க்க, யார் யார் கைவழியே வந்தது என்பது வரிசையாகத் தெரியும்.

ரசனைக்குறைவும் உடனே தெரியும். ஒரு பிழையைத் திருத்த வந்தவர் கோப்பு முழுவதையும் தம் விருப்பப்படி அடுக்கிவைத்திருப்பார். உண்மையான மாற்றத்தைக் குப்பைக்குள் தேட வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் பழக்கம் அறிந்து நடப்பதே நல்ல பங்களிப்பாளரின் லட்சணம்.

2005 ஏப்ரலில் கெர்னல் கிட்டுக்கு மாறியது முதல், சேர்க்கப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் குறிப்போடு யாரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. பங்களிக்க நினைப்பவர்கள் உடனே எழுத உட்கார வேண்டாம். பிடித்த ஒரு கோப்பை எடுங்கள். ‘கிட் லாக்’ போட்டு அதன் வரலாற்றைக் கதைபோலப் படியுங்கள். நல்ல பேட்ச் எது என்று கண் பழகிய பிறகு உங்களுடையதை அனுப்புங்கள்.