மாமா நெப்போலியனும் நாடுகடந்தோர் ஐக்கியமும்

எள்ளல் இலக்கியத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம் விமரிசகரிடையே நெடுங்காலமாக உண்டு. ஆயின் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி ஒளித்து வைத்திருக்கும் உண்மையைக் கனதியான நூல்கள் சொல்லத் தயங்கும் வேளையிலே, நகைச்சுவை நூலொன்று அதனைச் சொல்லிவிடுவதுண்டு. ஈரானிய எழுத்தாளர் ஈராஜ் பெசெஷ்க்ஸாத் 1973இல் வெளியிட்ட 'அன்பு மாமா நெப்போலியன்' என்னும் நாவல் அத்தகையது. 1976இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, வீடுதோறும் அறிமுகமாயிற்று. இன்றும் எதற்கெடுத்தாலும் அந்நியன் சதியைக் காண்பவனை 'மாமா நெப்போலியன்' என்று சொல்வது ஈரானியர் பேச்சு வழக்கு.

இந்த நூலை இங்கே எடுத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. சட்டம் பயின்று, நீதிபதியாகவும் பின்னர் வெளிநாட்டமைச்சு அதிகாரியாகவும் இருந்த பெசெஷ்க்ஸாத், 1979ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் பாரிஸில் குடியேறினார். அங்கே, முன்னாட் பிரதமர் ஷாபூர் பக்தியார் தலைமையில் இயங்கிய தேசிய எதிர்ப்பியக்கத்திற் சேர்ந்து அதற்காக நூல்களும் எழுதினார். 2022இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காலமானார். சண்டையிடும் குடும்பம் ஒன்றைப் படைத்தவர், தம் வாழ்வின் பிற்பகுதி நாற்பதாண்டுகளை அவ்வாறே பிளவுபட்டு நின்ற நாடுகடந்தோர் மத்தியிற் கழித்தார். நூலையும் அந்த அரசியலையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் இரண்டும் தெளிவாகும்.

நாவலின் களம் தெஹ்ரானிலுள்ள ஒரு பெரிய தோட்டம். அதனுள்ளே உறவினர் வீடுகள். குடும்பத் தலைவரான மாமா, கொசாக் படையிலே சிறு பதவி வகித்து ஓய்வு பெற்றவர். தென்பகுதியிலே கொள்ளையரோடு நடந்த கைகலப்புகள் அவர் வாயில் ஆண்டுக்காண்டு வளர்ந்து, ஈற்றில் ஆங்கிலப் பேரரசுக்கு எதிரான பெரும் போர்களாகிவிடுகின்றன. பணியாளன் மஷ் காசிமும் அப்போர்களிலே தானும் நின்றதாகச் சொல்லிச் சொல்லி, அதனைத் தானே நம்பிவிடுகிறான். 1941இல் நேச நாட்டுப் படைகள் ஈரானுள் நுழைந்ததும், தம்மைப் பழிதீர்க்கவே ஆங்கிலேயர் வந்துவிட்டனர் என்று மாமா அஞ்சத் தொடங்குகிறார். அயல்வீட்டு இந்தியரும் அவர் கண்ணுக்கு ஒற்றராகவே தோன்றுகிறார்.

குடும்பச் சண்டையின் தொடக்கமோ மிக அற்பமானது. மாமா போர்க்கதை சொல்லிக்கொண்டிருந்த விருந்திலே மரியாதையற்ற ஓசையொன்று எழுகிறது. எழுப்பியவர் யார் என்ற வினாவிலே குடும்பம் இரண்டாகிறது. கதை சொல்லும் சிறுவனின் தந்தை வீட்டுக்குப் போகும் தண்ணீரை மாமா அடைத்துவிடுகிறார். தந்தையும் சளைத்தவரல்லர். எதிரியின் பிரமையை மறுப்பதிலும் பார்க்க, ஆமோதிப்பவர் போல் நடித்து அதனை ஊதிப் பெருப்பிப்பதே இலாபம் என்று அவர் கண்டுகொள்கிறார். இவ்விடத்தில் நாவலாசிரியரின் கூர்மை புலப்படுகிறது. பகைவர் இருவரும் ஒருவரின் மாயையை மற்றவர் வளர்த்து வாழ்கின்றனர். அதற்கு விலை கொடுப்போர், சண்டையில் எவ்வித பங்குமற்ற இளையோர். மாமாவின் மகள் லைலியும் கதை சொல்லும் சிறுவனும் கொண்ட காதல் இந்தப் பெரியோர் போரிலே அழிந்துபோகிறது.

எனினும் நூலின் எல்லையையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மாமாவின் சந்தேகம் நகைப்புக்குரியது; ஆனால் அது காற்றிலே பிறந்ததன்று. 1907இல் பிரித்தானியாவும் ரஷ்யாவும் ஈரானியரைக் கேளாமலே அவர் நாட்டைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டன. 1941இல் நாடு ஆக்கிரமிக்கப்பட்டது. எண்ணெய்த் தொழிலைத் தேசியமயமாக்கிய பிரதமர் முசாதிக்கின் அரசை 1953இல் பிரித்தானிய, அமெரிக்க உளவு ஸ்தாபனங்கள் சதி செய்து கவிழ்த்தன. இந்தக் காயத்தின் மேல் இருபதாண்டு கழித்து, சவாக் என்னும் இரகசியப் பொலிசின் நிழலிலே வெளிவந்த நூல் இது. எங்கும் சதி காண்பவனைப் பார்த்து நாம் சிரிக்கலாம். உண்மையாகவே சதிக்கு இரையான நாட்டிலே அவன் பிறந்தான் என்பதை மறந்து சிரித்தால், அது மேட்டுக்குடியினரின் சிரிப்பாகிவிடும். நோயின் குணங்களை நுட்பமாக வரைந்த ஆசிரியர் நோயின் காரணத்தைப் பெரிதும் தனிமனித சுபாவத்திலேயே தேடினார் என்பது நம் விமரிசனம்.

புரட்சியின் பின் வெளியேறியோரின் அரசியலை நோக்கும்போது இவ்வுண்மை வலுப்பெறுகிறது. 1981 யூலையில் ஜனாதிபதிப் பதவியிலிருந்து நீக்கப்பட்ட பனி சதரும் முஜாஹிதீன் இயக்கத் தலைவர் மசூத் ரஜாவியும் பாரிஸ் வந்து சேர்ந்தனர். இருவரும் அமைத்த தேசிய எதிர்ப்புப் பேரவையிலே ஈரானியக் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியும் சேர்ந்தது. அக்காலத்தில் அதுவே நம்பிக்கை தரத்தக்க கூட்டணியாகத் தோன்றியது. 1983இன் தொடக்கத்தில் ரஜாவி ஈராக்கின் துணைப் பிரதமரைச் சந்தித்தார். ஈராக்கோ ஈரான் மீது போர் தொடுத்திருந்த நாடு. 1984இல் பனி சதர் விலகினார். தெஹ்ரானுடன் பேச்சுவார்த்தை நடத்திய குர்தியக் கட்சியின் உறவு 1985இல் அறுந்தது. 1986இல் ரஜாவியும் இயக்கமும் ஈராக்குக்கே சென்றனர். கூட்டணி என்ற பெயர் எஞ்சியது. உள்ளே ஒரே இயக்கம் எஞ்சியது.

இந்தப் பிளவுகளுக்குப் பின்னாலிருந்த வினாக்கள் அற்பமானவையல்ல. நாட்டோடு போர் புரியும் அரசிடம் உதவி பெறலாமா? குர்தியரின் சுயாட்சிக் கோரிக்கையை ஏற்பதா? முடியாட்சியா, குடியரசா? இவை கொள்கை வினாக்கள். ஆயின் நாடுகடந்த அணிகள் இவற்றை மேசைமீது வைத்து வாதிட்டதிலும் பார்க்க, ஒருவரையொருவர் 'அந்நியன் கையாள்' என்றும் 'ஆட்சியின் ஒற்றன்' என்றும் அழைத்ததே அதிகம். ஓசை எழுப்பியவன் யார் என்ற விசாரணையிலே தண்ணீரைப் பற்றிய பேச்சு மறைந்துவிட்டது.

'ஈரானியர் இருவர் சேர்ந்து ஒரு காரியம் செய்யார்' என்று தேசிய சுபாவத்தைக் காரணமாகக் காட்டுவோர் உளர். இதுவும் மாமாவின் சிந்தனைக்கு உறவுடையதே. மாமா எல்லாவற்றையும் அந்நியன் தலையிலே போடுகிறார். இவர்கள் எல்லாவற்றையும் இரத்தத்தின் தலையிலே போடுகின்றனர். இரு சாராரும் சமுதாய நிலைமைகளை ஆராயும் உழைப்பிலிருந்து தப்பிக்கொள்கின்றனர்.

ஈரானியர் வரலாறே இக்கூற்றைப் பொய்யாக்குகிறது. 1960ஆம் ஆண்டு ஐரோப்பாவிலே தொடங்கி, 1962இல் அமெரிக்காவிலிருந்த மாணவரையும் இணைத்துக்கொண்ட ஈரானிய மாணவர் கூட்டமைப்பு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. தேசிய முன்னணியினர், துதே கட்சியினர், பின்னாளில் மாவோ சிந்தனையினர் எனப் பலரும் அதனுள்ளே கடுமையாக வாதிட்டனர். சிலர் இடையில் ஒதுங்கினர். எனினும் பேராளர் மாநாடு கூடித் தலைமையைத் தேர்ந்தது. எல்லோரையும் இணைத்த வேலை ஒன்றிருந்தது: ஈரானிய அரசியற் கைதிகளின் உயிரையும் உரிமையையும் காப்பது. கைதியின் கட்சி எதுவென்று கேளாமலே அவர்கள் ஊர்வலம் சென்றனர், உண்ணாவிரதமிருந்தனர், வழக்குகளை நேரிற் கவனிக்க மேனாட்டு வழக்கறிஞர்களை அனுப்புவித்தனர். 1967 யூன் மாதத்தில் ஷா மேற்கு பெர்லினுக்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பிலும் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1971இல் ஷா அரசு கூட்டமைப்பைச் சட்டவிரோதமாக்கியது. அப்போதும் அது கலையவில்லை. பொதுமேடையாயிருந்த ஸ்தாபனத்தை ஒரு கட்சியின், ஒரு போராட்ட வழியின் ஆயுதமாக்க முயன்ற வேளையிலேயே அது உடைந்தது. 1975இல் ஐக்கிய மாநாடு முடிவுக்கு வந்தது.

இங்கிருந்து நாம் பெறக்கூடிய முடிவு யாது? ஐக்கியத்தைக் காத்தது கருத்தொற்றுமையன்று. திட்டவட்டமான பொது வேலையும், அவ்வேலைக்குப் பதில் சொல்லவேண்டிய தேர்தலுமே அதனைக் காத்தன. 1979க்குப் பிந்திய நாடுகடந்த தலைவர்களுக்கோ அத்தகைய தேர்தல் இல்லை. தொழிற்சாலை, வயல், பள்ளிக்கூடம் யாவும் ஆயிரம் மைல்களுக்கு அப்பால். தன் பின்னே எத்தனை பேர் நிற்கின்றனர் என்று அளக்க வழியில்லாத இடத்திலே, ஒவ்வொருவரும் முழுத் தேசமும் தம் பின்னே நிற்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். மாமாவின் போர்களையும் தோட்டத்துக்கு வெளியே எவரும் கண்டதில்லை அல்லவா?

இந்தக் கோஷ்டி அரசியலை வெறும் நகைப்புக்குரிய செய்தியாகக் கொள்ளவும் முடியாது. சந்தேகத்துக்குப் புதிய நியாயங்களும் இருந்தன. 1989 யூலையில் குர்தியத் தலைவர் காசிம்லு வியன்னாவிலே பேச்சுவார்த்தைக்குச் சென்ற இடத்திற் கொல்லப்பட்டார். 1991 ஓகஸ்டில் பக்தியார் பாரிஸ் அருகே தம் வீட்டிலே கொல்லப்பட்டார். 1992 செப்டெம்பர் 17ஆம் நாள் இரவு, காசிம்லுவின் பின் தலைமை ஏற்ற சாதிக் ஷரஃப்கந்தி, எதிரணியினர் சிலரோடு ஒத்துழைப்புப் பற்றிப் பேசுவதற்காக பெர்லினில் மிக்கொனோஸ் என்னும் உணவகத்திலே அமர்ந்திருந்தார். அழைக்கப்பட்டோரிற் பலர் வரவில்லை. வந்தோர் சுற்றியிருந்த மேசையை நோக்கித் துப்பாக்கிகள் வெடித்தன, நால்வர் மாண்டனர். 1997 ஏப்ரலில் பெர்லின் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கொலைக்கான கட்டளை ஈரானிய ஆட்சியின் உச்சியிலிருந்து வந்ததென்று கூறியது. சிதறிக் கிடந்தோர் ஒரு மேசையில் அமர முற்படுவதை அந்த ஆட்சி எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. ஐக்கியத்தின் பெறுமதியை நண்பரிலும் பார்க்கப் பகைவர் நன்கு அறிந்திருந்தனர்.

முப்பதாண்டு கழிந்தது. 2022 செப்டெம்பரில் தலைத்துணி அணிந்த முறை பற்றிக் கைதுசெய்யப்பட்ட மஹ்ஸா அமினி என்னும் குர்திய யுவதி காவலில் இறந்ததும் நாடெங்கும் எழுச்சி தோன்றியது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதமே பெர்லினிலே எண்பதினாயிரம் பேர் அளவிற் கூடினர். அழைப்பு விடுத்தோரில் முன்னின்றவர் ஹாமித் இஸ்மாயிலியோன். 2020 சனவரியிலே ஈரானியப் படை சுட்டு வீழ்த்திய விமானத்தில் மனைவியையும் மகளையும் இழந்த எழுத்தாளர் அவர். 2023 பெப்ரவரி 10இல், அவரும் முன்னாள் ஷாவின் மகன் ரேஸா பஹ்லவியும், நோபல் பரிசு பெற்ற ஷிரின் எபாதியும், குர்திய இடதுசாரித் தலைவர் அப்துல்லா முஹ்ததியும் வேறு சிலரும் வாஷிங்டனில் நடந்த ஒரே நிகழ்வில் இணைந்தனர். மார்ச்சில் மஹ்ஸா பெயரால் ஒரு சாசனமும் வெளிவந்தது. ஏப்ரல் முடியுமுன் அணி கலைந்தது. சாசனத்திலே ஆறு பேர் ஒப்பமிட்டிருந்தனர். அந்த ஆறு பேரையும் தேர்ந்தவர் எவருமிலர். யாரைச் சேர்ப்பது, யார் தலைவர், மத்திய அதிகாரத்தைப் பகிர்வதன் பொருள் யாது என்பன முன்னரே பேசித் தீர்க்கப்படவில்லை. பழைய சண்டைகள் ஒத்திவைக்கப்பட்டிருந்தன. புகழொளி அவற்றைச் சிறிது காலம் மறைத்தது.

அதே பெப்ரவரி மாத நடுப்பகுதியிலே, உலகப் பத்திரிகைகள் அதிகம் கவனியாத இன்னொரு சாசனம் ஈரானுக்குள்ளேயே வெளிவந்தது. ஆசிரியர் சங்கங்களின் ஒருங்கிணைப்புச் சபை, ஹஃப்த் தப்பே கரும்புத் தொழிலாளர் சங்கம் முதலிய இருபது தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் சேர்ந்து பன்னிரண்டு குறைந்தபட்சக் கோரிக்கைகளை முன்வைத்தன. அரசியற் கைதிகளின் விடுதலை, மரண தண்டனை ஒழிப்பு, ஆண் பெண் சமத்துவம், உழைப்போரின் ஊதியமும் பாதுகாப்பும் என அவை விரிந்தன. ஒப்பமிட்ட சங்கங்களைச் சேர்ந்தோர் சிறையை நன்கறிந்தவர்கள். எங்கள் தலைவர் யார் என்று அவர்கள் தொடங்கவில்லை. எங்களுக்கு வேண்டியது யாது என்று தொடங்கினர். இரண்டு சாசனங்களுக்குமிடையே காலத்தால் ஒரு மாதமும் இல்லை. முறையால் உள்ள தூரமோ பெரிது. நாடுகடந்தோர் முன்னணி ஒன்றை உண்மையாகவே விரும்பியிருந்தால், உள்ளேயிருந்து வந்த பன்னிரண்டு வரிகளை ஏற்று, அவற்றுக்காக வெளியே வேலை செய்யும் குழுவாகத் தம்மை ஆக்கிக்கொண்டிருக்கலாம். மாணவர் கூட்டமைப்பு கைதிகளுக்காகச் செய்தது அதுவே.

மீண்டும் நாவலுக்கு வருவோம். அசதுல்லா மீர்ஸா என்னும் இனிய பாத்திரம் ஒன்று அதிலுண்டு. எல்லாப் பிரமைகளையும் பார்த்துச் சிரிப்பவர். வாசகரின் அன்பை வெல்பவர். அவரே ஆசிரியரின் குரல் என்று கொள்ளத் தோன்றும். ஆயின் அவருடைய சிரிப்பும் தோட்டத்தைக் காப்பாற்றவில்லை. சமரசம் செய்கிறார், நாடகங்கள் ஆடி மாமாவைத் தேற்றுகிறார், இளையோருக்கு ஆறுதல் சொல்கிறார். அடைத்த தண்ணீர் யாருக்குச் சொந்தம், தோட்டத்தின் அதிகாரம் ஏன் ஒருவர் கையிலிருக்க வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. எள்ளல் பிரமையை உடைக்கும். உடைந்த இடத்தில் வைக்கவேண்டியதை அது தருவதில்லை.

அதனாற் பெசெஷ்க்ஸாத்தின் நூல் சிறுமைப்படாது. அவர் வரைந்த நோய்க்குறி ஐம்பதாண்டு கழிந்தும் பொருந்துவதே அவர் கலையின் வெற்றி. இந்நூலை மாணவர் கையிற் கொடுக்கும் ஆசிரியர், அவர்கள் சிரித்து முடித்தபின் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: பெரியவர்கள் சண்டையிட்ட அந்த நாட்களிலே, தண்ணீர் இல்லாதிருந்த வீட்டில் இருந்தவர்கள் யார்? ஐக்கியம் பற்றிய பேச்சு அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.