குழுப் பயணிகளுக்கு ஒரு வீடு: அடுக்ககத் தங்கல் முறையின் நிறையும் குறையும்

அடுக்ககத் தங்கல் என்பது விடுதியின் சேவையையும் குடியிருப்பு வீட்டின் அமைப்பையும் இணைக்கும் தொழில்முறை. இரண்டு மூன்று படுக்கையறை, கூடம், சமையலறை, துணி உலர்த்தும் இடம் கொண்ட முழு வீடும் ஒரே குழுவுக்கு வாடகைக்கு விடப்படும். பதிவும் பணமும் செயலி வழியாக நடக்கும். படுக்கை விரிப்பும் துப்புரவும் விடுதியில் இருப்பதுபோலவே இருக்கும். நியூயார்க்கில் 2016-இல் தொடங்கிய டோமியோ நிறுவனம் இதைக் குழுப் பயணிகளுக்கென்றே வடிவமைத்தது. மான்ட்ரியலில் பிறந்த சோண்டர் இதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. இந்தியாவில் இத்தகைய முயற்சிகள் பெருநகரங்களையும் மலை வாசத்தலங்களையும் சுற்றியே வளர்ந்தன. ஆனால் வேன் பிடித்துக் கூட்டமாக வருவதே வழக்கமாக இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில்தான் இம்முறையின் தகுதி சரியாகத் தெரியவரும்.

இவ்விரு ஊர்களும் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில், திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளன. ஆடிப் பூரத் தேரோட்டத்துக்கு ஆண்டாள் கோயிலிலும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை பெருமாள் கோயிலிலும் கூட்டம் அலைமோதும். சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்களுக்கும், கார்த்திகை தொடங்கித் தை வரை செங்கோட்டை வழியாகச் சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்களுக்கும் இதுவே பாதை. இவர்களில் தனியாளாக வருகிறவர் குறைவு. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே வண்டியில் வருகிறார்கள்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜில் இப்படிப்பட்ட பன்னிரண்டு பேர் இறங்கினால் நான்கு அறை எடுக்க வேண்டும். அவை நான்கும் ஒரே மாடியில் கிடைப்பது அரிது. பாட்டியின் மாத்திரைப் பை ஓர் அறையிலும் பாட்டி இன்னோர் அறையிலும் இருப்பார்கள். குழந்தையின் பாலுக்குச் சுடுதண்ணீர் வேண்டுமென்றால் நள்ளிரவில் டீக்கடை தேட வேண்டும். விடியற்காலை தரிசனத்துக்குக் கிளம்பும்போது யார் குளித்தார், யார் இன்னும் எழவில்லை என்று மாடிக்கு மாடி கதவைத் தட்ட வேண்டும். முழு வீடு கிடைத்தால் இந்தச் சிரமங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கூடத்தில் ஜமக்காளம் விரித்தால் இளைஞர்களுக்குப் படுக்கை ஆயிற்று. ஓர் இரவுக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பேருக்குத் தலைக்கு 500 ரூபாய்தான் வரும்.

இம்முறையின் மிகப்பெரிய நன்மை சமையலறை. குழுவாகச் செல்வோர் அடுப்பையும் எரிவாயு உருளையையும் வண்டியிலேயே ஏற்றிச்செல்லும் பழக்கம் பரவலாக உள்ளது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் உயிரிழந்தனர். லக்னோவிலிருந்து வந்த யாத்திரைக் குழு அது. தங்குமிடத்தில் பாதுகாப்பான அடுப்பு இருந்தால் வண்டியில் உருளை ஏற்றும் தேவை குறையும். இதைச் சொகுசு வசதியாகக் கருதக் கூடாது; உயிர் காக்கும் ஏற்பாடு இது.

அதே சமையலறைதான் முதல் சிக்கலையும் கொண்டுவருகிறது. மாலை போட்ட குழு, முந்தைய நாள் கோழிக்குழம்பு வைத்த பாத்திரத்தில் சமைக்காது. ஆகவே சைவப் பாத்திரங்கள் தனியாக இருக்க வேண்டும், அல்லது அந்த வீடு முழுவதும் சைவத்துக்கென ஒதுக்கப்பட வேண்டும். பெருநகரங்களுக்காக எழுதப்பட்ட ஒரே மாதிரி விதிமுறை இங்கே பொருந்தாது. குடும்பங்கள் வாழும் அடுக்ககத்தில் அதிகாலை மூன்று மணிக்குச் சரண கோஷமும் வேன் சத்தமும் எழுந்தால் பக்கத்து வீட்டாரின் தூக்கம் கெடும். நியூயார்க் நகரம் 2023-இல் குறுகிய கால வாடகை வீடுகளுக்குக் கடுமையான பதிவு விதிகளை நடைமுறைப்படுத்தியதற்கு, குடியிருப்போரின் இத்தகைய முறையீடுகளும் ஒரு காரணம்.

வரியிலும் ஒரு முரண் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறை வாடகைக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. அதற்கு மேல் போனால் 18 விழுக்காடு. மூன்று அறையைத் தனித்தனியே 3,000 ரூபாய்க்கு எடுத்தால் மொத்த வரி 450 ரூபாய். அதே 9,000 ரூபாயை ஒரே வீட்டின் வாடகையாகப் பில் போட்டால் வரி 1,620 ரூபாய். சிக்கனத்துக்காகச் சேர்ந்து தங்குகிறவர்கள்மீது சொகுசு விடுதிக்குரிய வரி விழுகிறது.

எல்லாவற்றையும்விட ஆழமான குறை முதலீட்டு அமைப்பில் இருக்கிறது. டோமியோ, சோண்டர் போன்ற நிறுவனங்கள் கட்டடங்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து நாள் வாடகைக்கு விட்டன. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குத்தகைப் பணம் கட்டியாக வேண்டும். 2019-இல் 10 கோடி டாலர் திரட்டிய டோமியோ, மறு ஆண்டே கொரோனா முடக்கத்தில் மூடப்பட்டது. சோண்டர் 2025 நவம்பரில், மேரியட் விடுதிக் குழுமத்துடனான ஒப்பந்தம் முறிந்தவுடன் செயல்பாட்டை நிறுத்தியது. பெருநகரங்களிலேயே தாங்காத இந்தச் சுமையை, கூட்டம் சில நாள்களில் மட்டும் பொங்கி வடியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்க முடியாது. தேர் நாளில் பத்து வீடு இருந்தாலும் போதாது. அடுத்த வாரம் ஒரு வீடுகூட நிரம்பாது.

வெறும் நாள்களின் செலவை யார் ஏற்பது என்ற இந்தக் கேள்விக்குத் தமிழ்ச் சமூகம் முன்பே விடை கண்டிருந்தது. ராணி மங்கம்மாள் பெயர் சொல்லும் மதுரைச் சத்திரமும், 1863-இல் காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அமைத்த சத்திரமும் குழுப் பயணிகளுக்கான தங்கல்களே. சத்திரங்களுக்கு எழுதிவைத்த நிலத்தின் வருமானமும் அறக்கட்டளை நிதியும் ஆளில்லாத நாள்களைச் சுமந்தன. லாபம் தேடும் தொழிலுக்கு அந்த வழி இல்லை. அதற்கு வேறு பருவத்தில் சம்பாதிக்கும் கட்டடம் வேண்டும்.

அப்படிப்பட்ட கட்டடம் இவ்விரு ஊர்களிலும் ஏற்கெனவே இருக்கிறது: திருமண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் வைப்பதில்லை; புரட்டாசியிலும் பல குடும்பங்கள் திருமணத்தைத் தவிர்க்கின்றன. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும் அதே மாதங்களில்தான் தேரும் அமாவாசையும், சாரல், சபரிமலைக் காலங்களின் ஒரு பகுதியும் கூட்டத்தைக் கூட்டிவருகின்றன. மணமகள் அறை, மணமகன் அறை, பெரிய சமையற்கட்டு, அண்டா குண்டான், வேன் நிறுத்த இடம் எல்லாம் அங்கே தயார். கூடுதலாக வேண்டியவை நல்ல கழிவறைகள், சுடுதண்ணீர், தடுப்புப் போட்ட படுக்கைப் பகுதி, முதியோருக்குக் கைப்பிடி, தீயணைப்பு ஏற்பாடு ஆகியவை. குத்தகைக்கு எடுக்காமல், வந்த வாடகையில் பங்கு கொடுக்கும் உடன்பாடு போதும்.

வீடுகளுக்கும் இடமுண்டு, ராஜபாளையத்தில். நூற்பாலைகளுக்கு இயந்திரம் பொருத்த வரும் பணியாளர்கள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி வாங்க வரும் வியாபாரிகள் போன்றோர் வார நாள்களில் தங்குவார்கள். அதே வீட்டை வார இறுதியில் குற்றாலம் போகும் குடும்பங்களுக்கு விடலாம். உரிமையாளர் அதே தெருவில் இருந்தால் அக்கம்பக்கத்தாரின் முறையீட்டுக்கு உடனே பதில் கிடைக்கும். பாத்திரம் பிரித்துவைக்கும் ஒழுங்கும் தவறாது.

ஆக, சேர்ந்து வருவோரைச் சேர்த்தே தங்கவைக்கும் இம்முறையின் நோக்கம் இப்பகுதிக்கு முற்றிலும் பொருந்துகிறது. நிலையான குத்தகையும் எங்கும் ஒரே விதி என்ற நிர்வாகமும் பொருந்தவில்லை. ஊரின் முகூர்த்த நாள்காட்டியையும் திருவிழா நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடும் நிறுவனமே இங்கே நிலைக்கும்.