கொடுத்த விலை: மிகுபுனைவுத் தொடர்களும் வாசகரின் ஏமாற்றமும்

உயிராக நேசித்த ஒரு தொடரின் அடுத்த பாகத்தைப் படித்து மனம் கசந்துபோகும் வாசகரை விமர்சகர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பழைய நினைப்பிலிருந்து மீள முடியாதவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது அநியாயம் என்று நினைக்கிறேன். ஒரு கற்பனை உலகத்தை நாலைந்து முறை படித்தவருக்கு அதன் சட்டதிட்டங்கள் மனப்பாடம். தையல் எங்கே பிரிந்திருக்கிறது என்பது முதலில் அவர் கண்ணில்தான் படும். அதே சமயம் எல்லா ஏமாற்றமும் ஒரே தரத்தது அல்ல. ஆங்கில மிகுபுனைவில் வாசகரைப் பெரிதும் வருத்திய சில தொடர்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

நல்ல மிகுபுனைவில் மந்திரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும். அந்த இழப்புதான் கதைக்குக் கனம் தருகிறது. ஒரு தொடர்ச்சியின் நேர்மையைச் சோதிக்க என்னிடம் உள்ள உரைகல் இதுதான்: முந்தைய நூலில் கொடுத்த விலை கொடுத்ததாகவே இருக்கிறதா?

இந்த நேர்மையில் மிகவும் கறாராக இருந்தவர் டோல்கீன். ‘தி ஹாபிட்’ 1937-இல் வெளிவந்து வெற்றி பெற்றதும் பதிப்பாளர் அடுத்த நூலைக் கேட்டார். அதை எழுதப்போனபோது, ஆளை மறைக்கும் வெறும் மாய மோதிரமாக இருந்தது எவரையும் அடிமையாக்கும் தீய சக்தியாக மாறிவிட்டது. ஆனால் அச்சில் இருந்த ‘ஹாபிட்’டிலோ, விடுகதைப் போட்டியில் தோற்றால் அந்த மோதிரத்தைப் பரிசாகத் தரவே அதை வைத்திருந்த கோல்லம் சம்மதித்திருந்தான். இரண்டும் பொருந்தாது. 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தையே திருத்தி எழுதினார். பழைய வடிவத்தையும் அழித்துவிடவில்லை; அது கதைநாயகன் பில்போ முதலில் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே கணக்குத் தீர்த்தார். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முடிந்த பிறகு, அதன் தீய வில்லன் சௌரான் வீழ்ந்து நூறாண்டு கடந்த காலத்தை வைத்து ‘தி நியூ ஷேடோ’ என்றொரு தொடர்ச்சியையும் தொடங்கினார். சில பக்கங்களுக்கு மேல் அது நகரவில்லை. வெறும் சதிக்கதையாகத்தான் முடியும், எழுதத் தகுதியில்லை என்று கைவிட்டார். எழுதாமல் விட்டதும் வாசகருக்குச் செய்த மரியாதைதான்.

இதற்கு எதிர்முனையில் நிற்கிறது ‘ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்டு சைல்டு’. ரௌலிங், ஜான் டிஃபனி, ஜாக் தோர்ன் மூவரும் சேர்ந்து உருவாக்கிய கதைக்கு நாடக வடிவம் தந்தவர் தோர்ன். 2016 ஜூலை 30 அன்று லண்டன் பேலஸ் தியேட்டரில் முறைப்படி அரங்கேறியது. மறுநாள் நாடகப் பிரதி நூலாக வந்தது. மேடையில் அது பெரும் வெற்றி. 2017-இல் ஒன்பது ஒலிவியர் விருதுகள், அடுத்த ஆண்டு சிறந்த நாடகத்துக்கான டோனி விருது. ஆனால் புத்தகமாக வாங்கிப் படித்தவர்களில் பலர் மனமுடைந்தார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாம் நூலில், கடந்த காலத்துக்குக் கூட்டிச்செல்லும் காலச்சுழற்றி நடந்ததை மாற்றுவதில்லை, நடந்ததற்குள்ளேயே பொருந்திப்போகிறது. ஐந்தாம் நூலில் மந்திர அமைச்சகத்தில் இருந்த காலச்சுழற்றிகள் எல்லாம் நொறுங்குகின்றன. நாடகம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து, கடந்த காலத்தையே மாற்றிக் காட்டுகிறது. நான்காம் நூலின் முடிவில் மாணவன் செட்ரிக் டிகரி இறந்தபோதுதான் அந்தத் தொடர் குழந்தைப் பருவத்தைக் கடந்தது. ஒரு வித்தையால் அந்தச் சாவைத் தடுக்க முடியும் என்றால், அன்று அழுத அழுகைக்கு என்ன பொருள்? போதாக்குறைக்கு, அந்த நூலின் மந்திரப் போட்டியில் அவமானப்பட்டதால் செட்ரிக், தீய மந்திரவாதி வோல்டமார்ட்டின் ஆளாக மாறும் ஒரு காலத்தையும் நாடகம் காட்டுகிறது. நேர்மைக்கே பெயர்போன பையன் அவன். இறுதியில் அந்தச் சாவை நாடகம் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கதவு ஒருமுறை திறந்துவிட்டது. மேடையின் மாயமும் நடிகர்களின் உடலும் அந்தப் பிளவை மூடியிருக்கலாம். வசனமும் மேடைக் குறிப்பும் மட்டும் கையிலிருந்த வாசகருக்கு மறைப்பு ஏதும் இல்லை.

இது விதி மீறப்பட்டதால் வந்த ஏமாற்றம். இரண்டாவது வகை ஏமாற்றத்தில் விதி மீறப்படுவதில்லை. ஒரு பாத்திரம் கைவிடப்படுகிறது. சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் கடைசி நூலான ‘தி லாஸ்ட் பேட்டில்’ 1956-இல் வந்தது. முன்பு அரசியாக முடிசூட்டப்பட்ட சூசன் இனி நார்னியாவின் தோழி அல்ல என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். உதட்டுச்சாயம், நைலான் காலுறை, விருந்து அழைப்பு இவையே அவளுக்குப் பெரிதாகிவிட்டனவாம். சூசன் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. ரயில் விபத்தில் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் போய்விட, அவள் மட்டும் எஞ்சுகிறாள். அவளுடைய துக்கத்தைப் பற்றி நூல் வாய் திறப்பதில்லை. நீல் கெய்மன் 2004-இல் ‘தி பிராப்ளம் ஆஃப் சூசன்’ என்று ஒரு சிறுகதையே எழுதினார். அரை நூற்றாண்டாக ஆறாத ஏமாற்றம் அங்கே ஒரு படைப்பாக மாறியது.

மூன்றாவது வகைதான் மிகவும் சிக்கலானது. நானே அதில் சிக்கியவன். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் முதல் மூன்று நூல்கள் 1968-க்கும் 1972-க்கும் இடையில் வந்தன. மூன்றாவதான ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’ முடிவில், சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே திறந்துகிடந்த வாசலை மூட, கதைநாயகனான மந்திரவாதி கெட் தன் மந்திர வலிமை முழுவதையும் செலவழித்துவிடுகிறார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல் ‘தெஹானு’ வந்தது. கெட் எப்படியாவது பழைய ஆற்றலைப் பெற்றுவிடுவார் என்று பக்கத்துக்குப் பக்கம் எதிர்பார்த்தேன். அவர் மலையேறி ஆடு மேய்க்கப் போனார். கதையின் நடுவில் இருந்தவர், கணவரை இழந்து பண்ணை வீட்டில் வாழும் டெனார் என்ற நடுவயதுப் பெண். அவர் மடியில், தீயில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமி. சண்டை வரும் இரவில், ஒரு காலத்தில் டிராகன்களோடு பேசிய கெட், வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு வந்து நிற்கிறார். புத்தகத்தை மூடி வைத்தபோது எனக்கு வந்தது கோபம்.

அந்தக் கோபத்துக்கு ஓரளவு நியாயமும் உண்டு. ‘தெஹானு’வின் தீய மந்திரவாதி ஆஸ்பென், வெறுப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத தட்டையான உருவம். முடிவும் அவசரமாக வந்துவிடுகிறது. ஆனால் உரைகல்லில் உரசினால் நூல் தேறுகிறது. கெட் இழந்ததை அது திருப்பித் தரவில்லை. ஒரு பக்கம்கூடத் தரவில்லை. மாறாக, முதல் நூலிலிருந்தே யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது: பெண்களின் மந்திரம் ஏன் இளப்பமாகப் பேசப்படுகிறது, ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு ஏன் இடமில்லை? விதியை மீறுவது வேறு. அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்று பார்ப்பது வேறு. லெ குவின் 1992-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில், தன் பழைய நூல்களையே இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தார்.

ஏமாந்த வாசகர் சொல்வதை முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. உலகத்தின் கணக்கு தவறிவிட்டது என்கிறாரா, தான் நேசித்த ஒருவரைத் தெருவில் விட்டுவிட்டார்கள் என்கிறாரா, தான் கேட்டது கிடைக்கவில்லை என்கிறாரா? முதல் இரண்டுக்கும் ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவதற்குப் பதில் வாசகரிடமே இருக்கிறது. கவைக்கோலைப் பிடித்து நின்ற கெட்டை நான் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. இப்போது அந்த இரவைப் படிக்கும்போது, டெனாரின் வீட்டு வாசலில் மந்திரவாதி ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை.