தலையணைக்கு அடியிலிருந்து தாபோங் ஹாஜிக்கு

மலேசியாவின் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்பது காலனிய காலத்திலிருந்து வந்த பழிச்சொல். மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் உங்கு அசிஸ் 1959-இல் எழுதிய அறிக்கை, அது பொய் என்று காட்டியது. ஹஜ்ஜுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்தார்கள். வங்கியில் போட்டால் வட்டி சேரும், அது ஹராம் என்பதால் தலையணைக்கு அடியில் வைத்தார்கள். போதாததற்கு நிலத்தையும் மாட்டையும் விற்று மக்காவுக்குப் போனார்கள். ஹாஜியாகத் திரும்பியபின் உழ நிலம் இல்லை.

இந்த அறிக்கையிலிருந்து 1963-இல் பிறந்ததுதான் இன்றைய ஹஜ் சேமிப்பு நிதியமான தாபோங் ஹாஜி. மார்க்கத்தை விட்டு விலகி நவீனமாகுங்கள் என்று அது யாரிடமும் சொல்லவில்லை. வட்டி கூடாதா, சரி. உங்கள் பணத்தைத் தோட்டத்திலும் வணிகத்திலும் போடுகிறோம், லாபத்தில் ‘ஹிபா’ (அன்பளிப்பு) தருகிறோம், ஸகாத்தையும் கழித்துக் கொடுக்கிறோம் என்றது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கட்டுபவர்கள், குழந்தை பிறந்ததும் அதன் பெயரில் கணக்குத் தொடங்கும் பெற்றோர் என்று இன்று 90 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் சேமிக்கிறார்கள். மத நம்பிக்கை முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதும் பொருளியலாளர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஆனால் அந்த நம்பிக்கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்பதே என் குறை. லாபத்தில் பங்கு கேட்பவர் நட்டத்திலும் பங்கேற்க வேண்டும் என்பது இஸ்லாமிய வணிக அறத்தின் உயிர்நாடி. தாபோங் ஹாஜியிலோ வைப்புத் தொகைக்கு அரசின் உத்தரவாதம் உண்டு. ஹிபாவும் ஆண்டுதோறும் வந்தே தீரும் என்று மக்கள் பழகிவிட்டார்கள். நட்டத்தைத் தொடாத லாபத்துக்கும் வட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது?

இந்தப் பழக்கம் நிர்வாகத்தையும் கெடுத்தது. 2015-இல், கடனில் சிக்கிய அரசு முதலீட்டு நிறுவனமான ஒன்எம்டிபியிடமிருந்து கோலாலம்பூரில் ஒன்றரை ஏக்கர் சொச்சம் நிலத்தை 18.85 கோடி ரிங்கிட்டுக்கு வாங்கியபோது வைப்பாளர்கள் கொதித்தார்கள். ஆனால் ஹிபா வந்துகொண்டிருந்தவரை கணக்கைத் துருவியவர்கள் குறைவு. 2017-க்கு 4.5 சதவீதமும், ஹஜ் செய்யாதவர்களுக்குக் கூடுதலாக 1.75 சதவீதமும் வழங்கப்பட்டன. அந்த ஆண்டின் முடிவில் சொத்தைவிடக் கடப்பாடு 410 கோடி ரிங்கிட் அதிகம் என்று 2018-இல் புதிய அரசு அறிவித்தது. முந்தைய நிர்வாகம் அதை மறுக்கிறது. கடப்பாட்டைவிடச் சொத்து குறைந்தால் லாபம் பகிரக் கூடாது என்பது தாபோங் ஹாஜியின் சொந்தச் சட்டம். கடைசியில் நிதியமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்று, சந்தையில் ஏறக்குறைய பாதி விலையே பெறும் சொத்துகளை 1,990 கோடி ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொண்டது. வைப்பாளர் சுமக்க வேண்டிய நட்டம் இப்படி நாட்டின் தலையில் விழுந்தது. 2018-க்கான ஹிபா 1.25 சதவீதம்.

ஹஜ் மானியம் இன்னும் உறுத்தும் விஷயம். வசதி உள்ளவர்மேல்தான் ஹஜ் கடமை என்பது மார்க்கம். ஆனால் 2019-இல் ஒருவருக்கு ஆன செலவு 22,900 ரிங்கிட். முதன்முறை போகிறவர் கட்டியதோ 9,980. மீதியைத் தாபோங் ஹாஜி ஏற்றது. அதாவது, ஹஜ் பயண வரிசையில் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியவரின் லாபத்திலிருந்து, வசதியுள்ளவரின் பயணத்துக்கும் பணம் போனது. 2022 முதல் வருமானத்துக்கேற்பக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். 1959-இலேயே உங்கு அசிஸ் கவலைப்பட்டது நிலம் விற்ற ஏழைக்காகத்தான். அவருக்கு மட்டுமே மானியம் என்று ஆக்கினால்கூட மார்க்கத்துக்கு முரணாகாது.