இரண்டு தட்டில் பொன்னியின் செல்வன்

வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்கிற வேலைகளில் உனக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: அடிக்கடி போகிற இணையதளங்களுக்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் போட்டு வைப்பதுதான். செகந்திராபாத் பார்க் லேனில் செனாய் டிரேட் சென்டரில் வாங்கிய எங்கள் கம்ப்யூட்டரை இன்று அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று எல்லாரும் யாரையும் கூப்பிடாமல் தாங்களே பயன்படுத்துகிறார்கள். காரணம் இந்த ஷார்ட்கட்கள்தான்!

அப்பா தென்மத்திய ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 1966-இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அந்த மண்டலம் தொடங்கியபின் இங்கே வந்து வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எத்தனை வருஷம் தெலுங்கிலும் உருதுவிலும் பேசிப் பழகினாலும், படிக்க அவருக்குத் தமிழ்தான் வேண்டும். ஆனால் பிரவுசரைத் திறந்து, ஆங்கிலத்தில் முகவரி அடித்து, வந்து விழுவதில் சரியானதைப் பொறுக்குவதற்குள் சலித்துப்போய் எழுந்துவிடுவார். இப்போது திரையில் ‘பொன்னியின் செல்வன்’ என்று தமிழிலேயே பெயர் இருக்கிறது. இரண்டு தட்டு தட்டுகிறார், வந்தியத்தேவன் குதிரையில் வந்துவிடுகிறான்.

அது மதுரைத் திட்டத்தின் பக்கம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகமெங்கும் உள்ள தமிழர்கள் காசு வாங்காமல் நூல்களை மின்வடிவில் ஏற்றிவைத்திருக்கிற புதையல். தளத்தின் முகப்புக்குத்தான் ஷார்ட்கட் போட வேண்டும் என்பதில்லை, உள்ளே எந்தப் பக்கத்துக்கும் போடலாம். ஒரு பாகம் முடிந்தால் அடுத்த பாகத்துக்குப் போட்டுத் தருகிறேன். நூல் பட்டியலில் தேடி அலையும் வேலையே அப்பாவுக்கு இல்லை.

செய்வதும் எவ்வளவு சுலபம்! வேண்டிய பக்கத்தைத் திறந்து, பிரவுசர் ஜன்னலைக் கொஞ்சம் சுருக்கி, பின்னால் டெஸ்க்டாப் தெரியும்படி வையுங்கள். முகவரிக்கு இடப்பக்கம் ஒரு சின்னக் குறி இருக்கும். அதை மவுஸால் பிடித்து டெஸ்க்டாப்புக்கு இழுத்து விட்டால் ஷார்ட்கட் தயார். பிறகு எஃப்2 விசையைத் தட்டித் தமிழில் பெயர் வையுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 விசைப்பலகை உண்டு. ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸுக்குள் போனால் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு ஓர் எழுத்தையும் சேர்த்துக் குறுக்குவிசை கொடுக்கலாம். ஐகான் படத்தைக்கூட மாற்றலாம். இத்தனை செய்கிற அந்தக் கோப்பு உண்மையில் முகவரியைச் சுமக்கிற சில வரி எழுத்துதான், பெரும்பாலும் ஒரு கேபிகூட வராது. திரை முழுக்க ஜன்னல்கள் திறந்து கிடந்தாலும், விண்டோஸ் விசையோடு டி-யை அழுத்தினால் டெஸ்க்டாப் உடனே முன்னால் வந்து நிற்கும்.

அம்மாவின் ஷார்ட்கட் திருமலை தேவஸ்தானத்துக்கு. 300 ரூபாய் தரிசன டிக்கெட் திறக்கிற காலையில் அவர் கண் கடிகாரத்திலும் கை மவுஸிலும்தான் இருக்கும். சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போக ஐஆர்சிடிசிக்கு ஒன்று வைத்திருக்கிறோம். ஏசி வகுப்புக்குத் தட்கல் காலை 10 மணிக்குத் திறக்கும்போது முகவரி அடித்துக்கொண்டிருக்க நேரம் ஏது! இந்த மாதிரித் தளங்களுக்கு லாகின் செய்தபின் வரும் உள்பக்கத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், அது மறுபடி திறக்காது. முகப்பையே இழுங்கள்.

எனக்கு மிகப் பெரிய நிம்மதி தருவது வங்கி ஷார்ட்கட். தேடுபொறியில் வங்கிப் பெயரை அடித்தால், விளம்பரமாக வந்து நிற்கும் போலித் தளத்தில் பெரியவர்கள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பாஸ்புக்கில் உள்ள முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து நானே ஷார்ட்கட் போட்டேன். வங்கிக்குப் போக இதைத் தவிர வேறு வழி வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்திலேயே ‘1930’ என்ற பெயரில் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளமும் இருக்கிறது. அவசரத்தில் போன் செய்ய வேண்டிய எண் அந்தப் பெயராகவே கண்ணெதிரில் நிற்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரை மவுஸைப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் ஷார்ட்கட்டை அவரே இழுத்து விடட்டும், பெயரையும் அவரே வைக்கட்டும்.