மூத்த தாரத்துப் பிள்ளைக்கு 18 வயது

விருத்தாசலத்துப் பட்டறைகளில் ஃபியூஸ் கேரியரும் பீங்கான் பொம்மையும் செய்கிறார்கள். பக்கத்து நல்லூர் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அங்கே கூலிக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் மனைவியோடு விவாகரத்து ஆகிவிட்டது. மகன் தாயிடம் வளர்கிறான். மறுமணத்தில் இப்போது ஒரு கைக்குழந்தை. இருக்கும் வருமானத்தில் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு? யாழ்ப்பாணத்து நல்லூரில் இதே வழக்கு நடந்தால் தீர்ப்பு கொஞ்சம் வேறு மாதிரி வரும்.

அடிப்படையில் இந்தியா, இலங்கை இரு நாட்டு ஜீவனாம்சச் சட்டமும் ஒன்றுதான். பிள்ளை எந்தத் தாரத்துக்குப் பிறந்தது என்று அவை பார்ப்பதில்லை. முறையான திருமணத்தில் பிறந்ததா என்றுகூடப் பார்ப்பதில்லை. இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சம் பற்றிய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகிவிட்டது. இலங்கையில் 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அங்கே முஸ்லிம் குடும்பங்களின் தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்குகள் காதி நீதிமன்றத்துக்குப் போகும். மற்றவர்கள் நீதவானிடம் போக வேண்டும்.

முதல் மனைவி உயிரோடு, விவாகரத்தும் ஆகாமல் இருக்கையில் நடந்த இரண்டாம் திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. அப்படி வந்தவர் ஜீவனாம்சம் கேட்கத் தகுதியுள்ள மனைவி அல்ல என்று 2005இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தையின் உரிமையில் மட்டும் கை வைக்கவில்லை. பின்னால் வந்த சில தீர்ப்புகள் அந்தப் பெண்கள் விஷயத்திலும் இளகியிருக்கின்றன.

தொகையைப் பற்றிய பேச்சில்தான் இரண்டாம் குடும்பம் உள்ளே நுழைகிறது. மேற்கு வங்க வழக்கு ஒன்றில் கணவரின் நிகர மாதச் சம்பளம் சுமார் 95,000 ரூபாய். முதல் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து 23,000 ரூபாய் தரச் சொன்னது கொல்கத்தா உயர் நீதிமன்றம். நிகரச் சம்பளத்தில் கால் பங்கு நியாயம்தான் என்று ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், அவர் மறுமணம் செய்து ஒரு குழந்தையும் இருப்பதால் தொகையை 20,000 ஆக்கியது. இது 2017 ஏப்ரலில். இளைய தாரத்துக் குழந்தைக்காக மாதம் 3,000 ரூபாயை விட்டுக்கொடுத்தது மூத்த குடும்பம். மறுமணம் செய்யும்போதே இந்தச் செலவு தகப்பனுக்குத் தெரியாதா என்று அந்தத் தாய் கேட்டால் அதில் தவறொன்றும் இல்லை.

கால் பங்கு என்பதெல்லாம் சம்பளச் சீட்டு உள்ளவருக்குத்தான். பட்டறைக் கூலிக்கு எது சீட்டு? இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. மனு போட்ட நாளிலிருந்தே பணம் கணக்காகும் என்றும் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் கையில் வாங்கிய கூலியை எழுதாமல் விட்டால் கண்டுபிடிக்க வேண்டியது வழக்குப் போட்ட தாய்தான்.

இரு நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் பிள்ளையின் வயதில் இருக்கிறது. இந்தியாவின் 144ஆம் பிரிவில், ஊனமுற்ற பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்கு 18 வயதோடு சரி. திருமணமாகாத இந்து மகள் மட்டும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தனியாகக் கேட்கலாம். இலங்கைச் சட்டம் 18 முதல் 25 வரையுள்ள பிள்ளைகளுக்கும் இடம் தருகிறது. இரண்டு தாரம் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் மூத்த தாரத்துப் பிள்ளைதான் முதலில் 18ஐத் தொடும். விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது. நம் தொழிலாளியின் மகன் பத்தாம் வகுப்பு முடித்து அங்கே டிப்ளமா சேர்ந்தால், படிப்பு முடிவதற்குள் ஜீவனாம்சம் நின்றுவிடும். யாழ்ப்பாணத்துப் பையனுக்காக அந்த நேரத்தில் மறுபடி நீதவானிடம் மனுப் போடலாம்.

யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிடப் பழைய ஏற்பாடும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டம், மனைவியை இழந்தவர் மறுமணம் செய்யப் புறப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்கிறது. பிள்ளையைப் பெரும்பாலும் தாய்வழிப் பாட்டியோ உறவினரோ எடுத்துக்கொள்வார்கள். அப்போதே தகப்பன், இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அந்தத் திருமணத்தில் சேர்ந்த சொத்தான தேடியதேட்டத்தில் பாதியையும் பிள்ளையோடு ஒப்படைக்க வேண்டும். சொத்து உள்ள வீடுகளுக்கான விதி அது, விவாகரத்துக்கும் பொருந்தாது. ஆனாலும் மூத்த பிள்ளையின் பங்கு இரண்டாம் கல்யாணத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. இன்றைய சட்டங்கள் இரண்டுமே யாராவது படியேறி மனுக் கொடுக்கும்வரை காத்திருக்கின்றன.

பாக்கி வசூலிலும் அதே காத்திருப்புதான். இந்தியாவில் கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் தவணை நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டாக வேண்டும். ஆகவே விருத்தாசலம் பக்கத்து நல்லூர்த் தாய்மாருக்கு வழக்கறிஞர் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. சம்மத விவாகரத்துக்குக் கையெழுத்திடும்போதே மகனின் படிப்புச் செலவு எந்த ஆண்டு வரை, எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி, நீதிமன்ற உத்தரவிலும் சேர்த்துவிட வேண்டும். தகப்பன் மறுமணம் செய்த பிறகு அதே தொகையை எழுதி வாங்குவது கடினம்.