இறைவனின் வர்ணமும் ஒரு சிறுவனின் முறையீடும்

ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1999ஆம் ஆண்டு அளித்த திரைப்படத்துக்குப் பாரசீகத்தில் இட்ட பெயர் ‘ரங்கே குதா’. ‘இறைவனின் வர்ணம்’ என்பது அதன் நேர்ப்பொருள். அயல்நாடுகளுக்குச் சென்றபோது அது ‘சொர்க்கத்தின் வர்ணம்’ என்று பெயர் மாறிற்று. இயக்குநரின் முந்தைய படமான ‘சொர்க்கத்தின் குழந்தைகள்’ ஆஸ்கார் பரிந்துரை வரை சென்ற படம். அதனை நினைவூட்டும் பெயர் விற்பனைக்கு உதவியிருக்கும். ஆனால், படத்தின் பொருளைத் திறக்கும் திறவுகோல் அந்த மாற்றத்தில் தொலைந்து போயிற்று என்பதே நம் கருத்து.

திருக்குர்ஆனை ஓதிப் பழகியோருக்கு மூலப் பெயர் ‘ஸிப்கத்துல்லாஹ்’ என்னும் சொல்லை நினைவுக்குக் கொண்டுவரும். அல்பகரா அத்தியாயத்தின் 138ஆம் வசனத்தில் வரும் சொல் அது. அதன் அரபி வேர்ச்சொல் துணியைச் சாயத்தில் தோய்த்தலைக் குறிக்கும். விரிவுரையாளர்கள் இதற்கு ‘மார்க்கம்’ என்றும், ‘ஃபித்ரத்’ எனப்படும் பிறவி இயல்பு என்றும் பொருள் உரைத்தனர். கிறிஸ்தவர்கள் தம் குழந்தைகளை நீரில் முழுக்காட்டும் வழக்கத்துக்கு மறுமொழி என்று விளக்கியோரும் உண்டு. எப்பொருள் கொண்டாலும் ஒன்று தெளிவு: பூச்சு மேலே நிற்கும், சாயம் இழைக்குள் இறங்கும். படத்தில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் காட்டுப் பூக்களைப் பறித்து வந்து சாயம் காய்ச்சுகின்றனர். அந்தப் பூக்களின் நிறத்தை ஒருபோதும் காணவியலாத சிறுவன்தான் படத்தின் நாயகன்.

முஹம்மத் டெஹ்ரானில் பார்வையற்றோர் பள்ளியில் பயில்பவன். அப்பாத்திரத்தை ஏற்ற முஹ்ஸின் ரமஸானியும் பார்வையற்றவரே. கோடை விடுமுறைக்கு அவனை அழைத்துச் செல்லத் தாமதமாக வருகிறார் தந்தை ஹாஷிம். மகனைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள இயலுமா என்றும் கேட்கிறார். மனைவியை இழந்தவர் அவர். மறுமணத்துக்கு மகன் தடையாவான் என்று அஞ்சுபவர். வேறு வழியின்றி வட ஈரானிலுள்ள தம் மலைக்கிராமத்துக்கு அவனை அழைத்துச் செல்கிறார். அங்கே சிறுவனின் விரல்கள் ஓயாது வாசிக்கின்றன. ஓடைக் கூழாங்கற்களும் கோதுமைக் கதிரின் மணிகளும் அவனுக்குப் பிரெய்ல் எழுத்துகளாகின்றன.

இதுவரை கண்டு, “பார்வையற்றவன் காண்கிறான், பார்வையுள்ளவன் குருடன்” என்று படத்துக்கு உரை எழுதிவிடுவது எளிது. கண்கள் குருடாவதில்லை, நெஞ்சங்களிலுள்ள இதயங்களே குருடாகின்றன என்னும் கருத்துடைய அல்ஹஜ் அத்தியாய வசனத்தையும் உடன் சேர்த்துவிடலாம். அவ்வுரை பொய்யன்று, ஆயினும் போதாது. அது சிறுவனைத் துயரமற்ற ஞானியாக்கி விடுகிறது. மஜீதி அவ்வாறு செய்யவில்லை.

தந்தை அவனைப் பார்வையற்ற தச்சர் ஒருவரிடம் தொழில் பழக விட்டுச் செல்கிறார். அங்கேதான் சிறுவன் உடைந்து அழுகிறான். பார்வையற்றோரை இறைவன் அதிகம் நேசிக்கிறான் என்று ஆசிரியர் கூறினாரே, நேசிப்பவன் தன்னைக் காணவியலாமல் ஏன் படைத்தான் என்று கேட்கிறான். இறைவன் எங்கும் இருக்கிறான், விரல்களால் அவனை உணரலாம் என்று அதே ஆசிரியர் கூறியதால், தன் கைகள் அவனைத் தீண்டும்வரை எங்கும் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொல்கிறான். அதுவரை நாம் பார்த்து மகிழ்ந்த விரல்களின் வாசிப்பு அனைத்தும் இத்தேட்டமே என்பது அக்கணத்தில்தான் நமக்கு விளங்குகிறது.

இம்முறையீட்டை ஈமானின் குறையாகக் கொள்வோர் நம்மிடையே உளர். அவர்கள் யஃகூப் (அலை) அவர்களை நினைத்துப் பார்க்கவேண்டும். மகனைப் பிரிந்த துயரால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்றும், தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் கூறினார்கள் என்றும் யூஸுஃப் அத்தியாயம் தெரிவிக்கிறது. அழகிய பொறுமையைத் தம் வாயால் மொழிந்த நபியே முறையிட்டார்கள். இரண்டும் ஒரே உள்ளத்தில் இருந்தன. சிறுவன் தச்சரிடம் அழுதாலும் அவன் வழக்கு யாரிடம் செல்கிறது என்பதில் ஐயமில்லை.

யஃகூப் நபியின் சரிதையை அருகில் வைத்தால் தந்தையின் நிலையும் துலக்கமாகும். அங்கே மகனை இழந்த தந்தை பார்வையை இழக்கிறார். இங்கே பார்வையுள்ள தந்தை மகனை இழக்க விரும்புகிறார். ஆயினும் ஹாஷிமை இயக்குநர் கொடியவராக்கவில்லை. தம் முதுமையில் தம்மைத் தாங்குவோர் யார் என்று அவரும் குமுறுகிறார். அவருடையதும் ஒரு முறையீடே. ஆனால் அது தன்னைத் தாண்டிச் செல்வதில்லை. மகன் கையை நீட்டித் தேடுகிறான். தந்தை கையை விலக்கிக்கொள்கிறார். ஆற்றின் பாலம் உடைந்து சிறுவன் வெள்ளத்தில் வீழும்போது, குதிப்பதற்கு முன் அவர் தயங்கி நிற்கும் அந்தச் சில நொடிகளே படத்தின் மிகக் கடுமையான பகுதி. அங்கே நாமும் கரையில்தான் நிற்கிறோம்.

படத்தின் முடிவு பற்றி நமக்கு ஒரு குறை உண்டு. கடற்கரையில் மகனை மடியில் ஏந்தித் தந்தை அழ, சிறுவனின் கைமீது ஒளி படர்கிறது, விரல்கள் அசைகின்றன. தேடிய கை தேடப்பட்டவனை அடைந்தது என்பது கருத்து. ஒளி முகத்தில் விழாமல் கையில் விழுவது நுட்பமானதே. எனினும், காணாமல் தேடுதலையே பொருளாகக் கொண்ட படம், ஈற்றில் பார்வையுள்ளோருக்காக ஒரு காட்சியைத் தந்து அமைதி கூறுகிறது. தச்சர் பட்டறையில் எழுந்த வினாவுக்கு அவ்வொளி விடையாகாது. விரல்களின் அசைவு மட்டுமே போதியதாயிருந்திருக்கும்.

திரைப்படம் என்ற அளவிலேயே ஒதுக்குவோரும், பாங்கொலியோ தொழுகையோ இடம்பெற்றால் உடனே ‘இஸ்லாமியப் படைப்பு’ என்று முத்திரையிடுவோரும் நம் சமுதாயத்தில் உண்டு. இருசாராரும் பூச்சையே பார்க்கின்றனர். ஒரு படைப்பு எச்சாயத்தில் தோய்ந்தது என்றறிய அதன் இழையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். வலியுற்ற மனிதனின் கேள்வியை அது அடக்கிவிடுகிறதா, முழுமையாகக் கேட்க இடமளிக்கிறதா? அக்கேள்வியைக் கேட்டபின் நம் வீட்டிலும் தெருவிலும் நாம் விலக்கிவைத்த கைகள் எவை என்ற நினைவு நமக்கு எழுகிறதா? இவ்விரண்டையும் வைத்து அளந்தால், முடிவில் சற்றுத் தளர்ந்தாலும் ‘ரங்கே குதா’ தன் பெயருக்கு உரிமையுடைய படமே.